தீயில்லாச் சோறு

செங்குத்தான பாறைச் சுவர் ஒன்றை ஒரே நாளில் ஏறி முடிக்க முடியாதென்றால் இரவிலும் அந்தச் சுவரில்தான் இருக்க வேண்டும். மடக்குக் கட்டில் போன்ற ஒன்றைப் பாறையில் தொங்கவிட்டு, இடுப்புக் கயிற்றை அவிழ்க்காமலே உறங்குவார்கள். சாப்பாடு, தண்ணீர், போர்வை எல்லாம் ஒரு பெரிய பையில் இருக்கும். மேலே ஏறியவர் கப்பி போட்டு அந்தப் பையை இழுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கிலுள்ள எல் கேப்பிட்டன் பாறை ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். 1958இல் முதன்முதலாக அதன் ‘மூக்கு’ வழியே ஏறியவர்களுக்கு, விட்டுவிட்டு ஏறியதில், மொத்தம் 45 நாள் ஆனது. அப்படி ஏறுகிறவர்களுக்கு என்ன கொண்டுபோவது என்பது எப்படி ஏறுவது என்பதற்குக் குறையாத கேள்வி.

அந்தக் கேள்வி விஸ்வநத்தத்தில் எங்கள் வீட்டுக்கும் வந்தது. என் சித்தி மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். பாறையேற்றம் பழகியவன். பக்கத்திலுள்ள சாவன்துர்காப் பாறையில் ஒரு நண்பனோடு மூன்று பகல், இரண்டு இரவு சுவரிலேயே தங்கிப் பயிற்சி செய்யப்போவதாகப் போனில் சொன்னான். “அண்ணே, அடுப்பு கொண்டுபோகல. சுட வைக்கவும் வேண்டாம், கெட்டும் போகக் கூடாது, கனமும் இருக்கக் கூடாது. என்ன கொண்டுபோலாம்னு பெரியம்மாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க.”

கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டிருந்தான். அம்மா 26 வருடம் பட்டாசு ஆலையில் சரம் பின்னியவள்.

பட்டாசு ஆலைக்குள் நெருப்பு என்ற பேச்சே கிடையாது. தீப்பெட்டியும் பீடியும் வாசலைத் தாண்டக் கூடாது. சோற்றைச் சுட வைப்பதை யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். விடியுமுன் வடித்த சோறு தூக்குவாளியில் ஏறி, ஆலை வண்டியில் போய், எங்கள் ஊர் வெயிலில் மதியம்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். அம்மாவின் சமையலறை விதிகள் எல்லாம் இதிலிருந்து வந்தவை. சித்திரையில் தயிர்ச்சோற்றுக்குப் பாலை ஊற்றி, பிரைக்கு மட்டும் ஒரு கரண்டி தயிர் விடுவாள். மதியம் திறக்கும்போது பதமாக இருக்கும். தேங்காய்ச் சட்னி ஆகவே ஆகாது. துவையல் என்றால் பருப்புத் துவையல், அதுவும் தண்ணீர் காட்டாமல் அரைத்தது. “தண்ணிதான்ப்பா கெடுக்கும். புளியும் உப்பும் நல்லெண்ணெயும் காப்பாத்தும்” என்பாள்.

ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி போகிறவர்கள் கட்டிய கட்டுச்சோறும் இதே கணக்குத்தான். வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறை போய், அங்கிருந்து நடந்து ஏறி, மலையிலேயே இரவு தங்கி வந்த காலம் ஒன்று இருந்தது. 2015 மே மாதம் காட்டாற்றில் வந்த திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் இறந்தார்கள். 2021இல் அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. இப்போது அடிவாரத்தில் பைகளைச் சோதித்து, தீப்பற்றும் பொருள்களை எடுத்துவைத்துக்கொள்கிறார்கள். ஆலை வாசலும் மலை வாசலும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒன்றுபோலத்தான்.

அம்மா சொல்லச் சொல்லப் பட்டியல் எழுதினேன். முதல் நாளுக்குப் புளிச்சோறு. அதற்குமேல் சோறு வேண்டாம். 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 130 கலோரிதான் இருக்கிறது. முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைய வெறும் தண்ணீர். அதைக் கயிறு கட்டி இழுப்பது வீண் வேலை. அதே எடை வறுத்த நிலக்கடலையில் 560 கலோரிக்கு மேல் உண்டு. ஆகவே இரண்டாம் நாளிலிருந்து கோவில்பட்டிக் கடலைமிட்டாய், பேரீச்சை, கருப்பட்டி. காலைக்கு அவல்: வெல்லத்தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறினால் போதும். பொரிகடலை மாவில் நெய்யும் சர்க்கரையும் சேர்த்துப் பிடித்த உருண்டையைத் தனித்தனியாகத் தாளில் சுற்றிவிட வேண்டும். கையில் மருந்து ஒட்டியிருக்கும்போது தாளைப் பிடித்தபடி கடித்துத் தின்பது அம்மா ஆலையில் பழகியது. பாறைக்காரர்களின் கையில் இருப்பது சுண்ணப் பொடி, அவ்வளவுதான் வித்தியாசம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை அடித்துவிட்டாள், வெயில் தாங்காது. சாத்தூர் காராச்சேவு நாக்குக்கு ஒரு பிடி. “ஜாஸ்தி தின்னா தவிக்கும்.”

அந்தத் தவிப்பில்தான் கணக்கு மாறியது. காய்ந்த தீனியின் எடையில் மிச்சம் பிடித்ததைத் தண்ணீரில் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெயில் பாறையில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று, நான்கு லிட்டர் தண்ணீர் வேண்டும். இரண்டு பேர், மூன்று நாள் என்றால் 24 கிலோ. தீனியெல்லாம் சேர்ந்தாலும் நான்கைந்து கிலோவைத் தாண்டாது. 1947இல் ஜான் சலாத்தே என்ற கொல்லரும் அவர் கூட்டாளி நெல்சனும் யோசெமிட்டியில் ஐந்து நாள் சுவரிலிருந்தபோது உலர்பழங்களையும் பருப்புகளையும் தின்று, தண்ணீரை அளந்து அளந்து குடித்தார்கள். இமயத்தில் மேரு சிகரத்துக்கு 2008இல் போன மூவர், ஒரு வாரத்துக்குப் போட்ட திட்டம் பனிப்புயலால் 20 நாளாக நீள, உச்சிக்கு 100 மீட்டர் கீழே திரும்பினார்கள். சாப்பாடு சுருங்கியும் உயிரோடு வந்தார்கள். 2011இல் மறுபடி போய் ஏறியும் விட்டார்கள். தண்ணீர் தீர்ந்திருந்தால் அத்தனை நாள் தாங்கியிருக்க முடியாது.

தம்பி ஆளுக்கு இரண்டு லிட்டர் என்று குறித்திருந்தான். கனத்துக்குப் பயம். இதைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, நான் கேட்காமலே சொன்னாள். ஆலையில் அவளும் அவள் கூட்டாளிகளும் மதியம்வரை தண்ணீர் குடிப்பதில்லை. பாதுகாப்புக்காக ஒவ்வொரு அறையும் தள்ளித் தள்ளித்தான் கட்டியிருக்கும். கக்கூஸ் கடைசி மூலையில். போய்வரும் நேரத்துக்குக் கூலி கிடையாது. பின்னிய சரத்தை எண்ணித்தான் காசு. “குடிச்சாத்தானே போகணும்.” நீர்க்கடுப்போடு அவள் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். சூடு என்று சொல்லி வெந்தயத்தைத் தயிரில் போட்டு விழுங்குவாள். நாங்களும் வெயிலால்தான் என்று நம்பினோம்.

ஸ்பீக்கரில் போட்டுத் தம்பியிடம் அவளே பேசினாள். “தீனியக் கொறச்சுக்க. கடலைமிட்டாய் ரெண்டு இருந்தா ஒரு பொழுது ஓடிரும். தண்ணியக் கொறைக்காத. ஆளுக்கு நாலு லிட்டரு. ஒண்ணுக்கு வருமேன்னு குடிக்காம இருந்துராத.”

அவன் சிரித்தான். “அதுக்கெல்லாம் வழி இருக்கு பெரியம்மா. பாட்டில் இருக்கு. வெளிக்கி வந்தாலும் பையில புடிச்சு, மூடி போட்ட பிவிசி குழாய்க்குள்ள வச்சு, பைக்கு அடியில தொங்கவிட்டுக் கீழ கொண்டுவந்துருவோம்.”

அம்மா போனையே பார்த்தாள்.

“அந்தரத்துல தொங்கும்போதுகூட அதுக்கு ஏற்பாடு வச்சிருக்கீங்களாப்பா?”