மைனஸ் டிகிரியும் சைனஸும்

அமெரிக்கா கிளம்பும்போது எல்லாரும் எனக்குச் சொன்ன அட்வைஸ் குளிரைப் பத்தி மட்டும்தான். ஜாக்கெட் வாங்கு, பூட்ஸ் வாங்கு, காதை மூடிக்கோ. மூக்கைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கல. மினியாபொலிஸுக்கு வந்து எனக்கு இது நாலாவது குளிர்காலம். முதல் குளிர்காலத்துல மட்டும் மூணு தடவை சைனஸ் வந்து படுத்தேன். சித்த வைத்தியத்துல பீனிசம்னு சொல்வாங்களே, அதேதான். கன்னம் விண்ணு விண்ணுனு தெறிக்கும். குனிஞ்சு ஷூ லேஸ் கட்டினா மண்டைக்குள்ள கருங்கல் உருளும். மேல்வரிசைப் பல்லெல்லாம் வலிக்கும். இந்த லட்சணத்துல காலையில ஒன்பது மணிக்கு மீட்டிங்ல உக்காந்து 'எல்லாம் சரியா போயிட்டிருக்கு'ன்னு ரிப்போர்ட் வேற குடுக்கணும்.

அம்மாவுக்கு ஃபோன்ல என் குரலைக் கேட்டதுமே தெரிஞ்சிடும். "எய்யா, மூக்கை அடகு வச்சா சம்பளம் வாங்கணும்? பேசாம ஊருக்கு வந்துரு"ம்பாங்க. முதல் தடவை சிரிச்சேன். மூணாவது தடவை சிரிப்பு வரல. தூத்துக்குடியில இருந்த வரைக்கும் எனக்கு இந்தப் பிரச்சனையே கிடையாது. உப்புக் காத்துல வளர்ந்த மூக்கு. அப்போ இந்த ஊர் நமக்கு ஒத்துக்கலையா, நிஜமாவே திரும்பிடணுமான்னு ராத்திரி மூக்கடைச்சுப் படுத்துக்கிட்டு யோசிச்சிருக்கேன். பொட்டி தட்டுற புத்தியாச்சே, சும்மா இருக்குமா? முதல்ல காரணம் என்னன்னு நோண்ட ஆரம்பிச்சேன்.

காரணம் ஒண்ணு: காத்து

குளிர்ந்த காத்து ஈரத்தை அதிகம் தாங்காது. வெளிய மைனஸ் 20 டிகிரி செல்சியஸ்ல காத்து தாங்கக்கூடிய ஈரம் முழுசா இருந்தாக்கூட, அதையே உள்ள இழுத்து ஹீட்டர் 22 டிகிரிக்குச் சூடாக்கினா ஈரப்பதம் 5 சதவீதத்துக்குக் கீழ இறங்கிடும். சமையல், குளியல், நம்ம மூச்சு எல்லாம் சேர்ந்து அதைக் கொஞ்சம் ஏத்தும், அவ்வளவுதான். ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் ஒண்ணு வாங்கி வச்சேன். ஜனவரியில என் பெட்ரூம்ல 14 காட்டுச்சு. அப்பளம் காய வச்சிருக்கலாம்!

காரணம் ரெண்டு: டேங்க் டிசைன்

முகத்து எலும்புக்குள்ள நாலு ஜோடி காத்தறைகள் இருக்கு. அதுல பெருசு கன்னத்துல இருக்கிறது. அதோட வாசல் அறையோட மேல்பக்கத்துல இருக்கு. அவுட்லெட் பைப்பை மேல வச்ச சின்டெக்ஸ் டேங்க்கைக் கற்பனை பண்ணிக்கோங்க. உள்ள ஊறுற சளியைக் கண்ணுக்குத் தெரியாத முடிகள் துடுப்பு போட்டு மேல தள்ளித்தான் வெளிய அனுப்புது. காத்து வறண்டா சளி கெட்டியாகும், துடுப்பு மந்தமாகும். அந்த நேரத்துல ஆபீஸ்ல எவனாவது சளி வைரஸைத் தானம் பண்ணினா, வாசல் வீங்கி அடைச்சுக்கும். அப்புறம் நடக்கிறதெல்லாம் மேல சொன்ன கருங்கல் கதை.

ஆக, நாம செய்ய வேண்டியது ரெண்டே ரெண்டு. ஈரமா வைக்கணும், வாசலைத் திறந்து வைக்கணும். நான் செய்யறது இதுதான்:

1. ஹியூமிடிஃபையர். வீட்டுக்குள்ள ஈரப்பதம் 30லிருந்து 50 சதவீதத்துக்குள்ள இருக்கணும். அதுக்கு மேல போனா பூஞ்சை, தூசிப்பூச்சி ரெண்டும் குடி வந்துடும். ஜன்னல் கண்ணாடி வேர்த்து ஒழுகினா குறைச்சிடுங்க. தண்ணியைத் தினமும் மாத்தி, தொட்டியை அடிக்கடி கழுவணும். கழுவாத ஹியூமிடிஃபையர் கிருமியை ஸ்ப்ரே பண்ற மெஷின்.

2. உப்புத் தண்ணி. நம்ம யோகா ஜலநேதிதான். அதே கிண்டியை இங்க 'நேதி பாட்'னு மருந்துக்கடையில விக்கிறான். அயோடின் சேர்க்காத உப்பு மூணு பங்கு, சமையல் சோடா ஒரு பங்கு கலந்து வச்சுக்கிட்டு, ஒரு கப் (240 மில்லி) வெதுவெதுப்பான தண்ணிக்கு ஒரு டீஸ்பூன் போடணும். உப்பளத்து ஊர்ல பொறந்துட்டு உப்புப் பாக்கெட்டை டாலர் குடுத்து வாங்கறியேன்னு அம்மா இன்னிக்கும் கிண்டல் பண்றாங்க.

தயவுசெஞ்சு ஒண்ணு கவனிங்க. குழாய்த் தண்ணியை அப்படியே மூக்குல விடக்கூடாது. குடிக்க அது நல்ல தண்ணியா இருக்கலாம், மூக்கு விஷயம் வேற. 2011ல லூசியானா மாநிலத்துல குழாய்த் தண்ணியை நேதி பாட்ல ஊத்தி மூக்கு கழுவின ரெண்டு பேர் மூளையைத் தின்னும் அமீபாவால செத்துப் போனாங்க. ரொம்ப அபூர்வம்தான், ஆனா வந்தா பொழைக்கிறது கஷ்டம். டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்க. இல்லைன்னா ஒரு நிமிஷம் தளதளன்னு கொதிக்க வச்சு ஆற வைங்க. டென்வர் மாதிரி உயரமான ஊர்ல இருந்தா மூணு நிமிஷமே கொதிக்கட்டும்.

3. ஸ்ப்ரே. ஸ்டீராய்டு ஸ்ப்ரே (ஃப்ளூட்டிகசோன்) சீட்டு இல்லாமலே கிடைக்கும். வலது கையால இடது மூக்கு, இடது கையால வலது மூக்கு. நுனி காது பக்கம் பாக்கணும். முழுப் பலன் தெரிய ஒரு வாரத்துக்கு மேலகூட ஆகலாம். உடனே மூக்கைத் திறக்கிற ஆக்ஸிமெட்டசோலின் ஸ்ப்ரே வேற ஜாதி. மூணு நாளைக்கு மேல அடிச்சா, அடிக்கலைன்னா மூக்கே திறக்காதுங்கிற நிலைமை வந்துடும்.

4. மாத்திரை. ஷெல்ஃப்ல இருக்கிற மூக்கடைப்பு மாத்திரை நிறையவற்றுல ஃபெனைலெஃப்ரின் இருக்கும். வாய் வழியா சாப்பிட்டா அது வேலை செய்யலைன்னு எஃப்.டி.ஏ.வோட ஆலோசனைக் குழு 2023ல ஒரு மனதா சொல்லிடுச்சு. நம்மூர் சளி மாத்திரைகள் பலதுலயும் இதே சரக்குதான். வேலை செய்யற சூடோஎஃபெட்ரின் கவுண்டருக்குப் பின்னாடி இருக்கும், ஐ.டி. காட்டிக் கேட்டு வாங்கணும். பி.பி. இருந்தா டாக்டரைக் கேக்காம தொடாதீங்க.

ஆவி பிடிக்கிறது? சுகமா இருக்கு, ஆனா வியாதியைக் குணமாக்கும்னு பெருசா ஆதாரம் இல்ல. கொதிக்கிற பாத்திரம் மேல கவிழ்ந்தா ஆபத்து வேற. நான் வெந்நீர்ல குளிக்கறதோட நிறுத்திக்கிட்டேன்.

ஆன்டிபயாட்டிக் புராணம்

நம்ம மக்கள் பெட்டியில ஊறுகாய்க்குப் பக்கத்துலயே அஸித்ரோமைசின் அட்டை இருக்கும். ரெண்டு தும்மல் வந்தாப் போதும், 'ஒரு கோர்ஸ் போட்டுடு மச்சி'ன்னு ரூம்மேட் நீட்டுவான். பெரும்பாலான சைனஸ் தொல்லை வைரஸால வர்றது, அதுக்கு ஆன்டிபயாட்டிக் ஒண்ணும் பண்ணாது. பாக்டீரியாவா இருந்தாலும் அஸித்ரோமைசினை இங்கத்த டாக்டர்கள் முதல் மருந்தா எழுதறதில்ல, கிருமிகள் அதுக்குப் பழகிடுச்சு. சளி பச்சையா இருக்கிறது மட்டும் பாக்டீரியாவுக்கு அடையாளமும் இல்ல.

டாக்டர்கிட்ட எப்போ போகணும்? பத்து நாள் ஆகியும் குறையலைன்னா. குறைஞ்சு வந்து திடீர்னு மறுபடி ஏறினா. மூணு நாலு நாள் 102 டிகிரி ஜுரத்தோட முகவலி இருந்தா. கண்ணைச் சுத்தி வீக்கம், பார்வை ரெண்டா தெரியறது, கழுத்து விறைக்கிறது, மண்டை பிளக்கிற வலி, குழப்பமான பேச்சு, இதுல எது வந்தாலும் காத்திருக்காம எமர்ஜென்சிக்கு ஓடுங்க. 'இன்ஷூரன்ஸ்ல டிடக்டிபிள் ஜனவரியில புதுசா ஆரம்பிச்சிடுச்சே'ன்னு கணக்குப் பாக்கற நேரம் அது இல்ல. சாதாரண நேரத்துல நானும் அந்தக் கணக்கெல்லாம் பாக்கறவன்தான்!

மூக்கடைப்போட ஃபிளைட் ஏறணும்னாலும் முன்னாடியே டாக்டரைக் கேளுங்க. விமானம் இறங்கும்போது அழுத்தம் மாறும். வாசல் அடைச்சிருந்தா நெத்தியில ஆணி அடிக்கிற மாதிரி வலிக்கும்.

முதல் குளிர்காலம் முடியறப்போ நான் இ.என்.டி. டாக்டரைப் பாத்தேன். லைட் வச்ச குழாயை உள்ள விட்டுப் பாத்துட்டு, நடுச்சுவர் லேசா வளைஞ்சிருக்கு, ஆபரேஷனுக்கு அவசரமில்ல, மூணு மாசம் உப்புத் தண்ணியும் ஸ்ப்ரேயும் ஒழுங்கா போட்டுட்டு வான்னார். "ஊரை மாத்தினா சரியாகுமா?"ன்னு கேட்டேன். "மூக்கு உன்கூடத்தானே வரும்"னு சிரிச்சார்.

போன குளிர்காலத்துல ஒரே ஒரு தடவைதான் வந்துச்சு, அதுவும் எட்டாம் நாள் தானா அடங்கிடுச்சு. ஊருக்குத் திரும்பறதா வேண்டாமாங்கிற கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கு. அம்மாவுக்கு வயசாகுது, அங்க ஒரு வீடு இருக்கு. அதையெல்லாம் நான் தெளிஞ்ச தலையோட யோசிச்சு முடிவு பண்ணணும். மூக்கடைச்ச ராத்திரியில எடுக்கிற முடிவு இல்ல அது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, ஆணி புடுங்கறவன். சந்தேகம்னா டாக்டரைக் கேளுங்க, ரூம்மேட்டைக் கேக்காதீங்க!