தோலுக்கு ஏது தீட்டு?

தம்பி! கோடைக்கானலில் பனி கவிந்த ஓர் இரவு. நண்பர் இல்லத்தில் இசைத்தட்டு ஒன்று கேட்டேன். 1975 ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்துச் சவுதாம்ப்டன் கல்லூரியில் ‘சக்தி’ குழுவினர் நடத்திய நிகழ்ச்சி அது. ஆங்கிலேயர் ஜான் மெக்லாலினின் கிதார், எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபேலா. இவற்றோடு நம் விக்கு விநாயக்ராமின் கடம்! ஜாஸ் இசையோடு நம் நாட்டு இசையைக் கலந்த புதுமை. கச்சேரி மேடையிலே ‘உபபக்கவாத்தியம்’ எனப் பின்னுக்குத் தள்ளப்பட்ட மண்பானை, கடல் கடந்து சரிநிகராய் முழங்கிற்று. கைதட்டினேன், பூரித்தேன்.

பொழுது விடிந்ததும் சாவுச் செய்தி வந்தது. பழனி மலையடிவாரச் சிற்றூரிலே என் உறவினர் மறைந்துவிட்டார். மலைப்பாதை இறங்கிச் சென்றேன். அங்கே தெருக்கோடியில், வைக்கோல் தீயில் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார் இளைஞர் ஒருவர். விறைத்த தோலின்மீது அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் விளையாடின. தாளம் விரைந்தது, உடைந்தது, மீண்டும் வந்து கூடிற்று. இரவு நான் வியந்த அதே வித்தை! ஆனால், கைதட்ட ஆளில்லை. அமரப் பலகையும் இல்லை.

“எங்கே கற்றீர்கள், தோழரே?” என்றேன்.

“அப்பாகிட்டங்க. இது கச்சேரி இல்லீங்க, சாவுக் கொட்டுங்க.”

சாவுக் கொட்டாம்! மிருதங்கத்தை மூடியிருப்பதும் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலுந்தானே? சபை ஏறினால் தெய்வீகம், தெருவில் ஒலித்தால் தீட்டா? ஒரே தோலுக்கு இரண்டு நீதியா? ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் வைத்தது தொல்காப்பியம். இந்தக் குறிஞ்சி நிலத்துப் பறைக்குத் தொண்டகம் என்று பெயரும் உண்டு. அத்தகைய பறையைத் தாழ்த்தியது தோலன்று. அதை முழக்குவோர் தோள்மீது சுமத்தப்பட்ட சாதி!

வீட்டினுள் சென்றேன். விசுப்பலகையைத் தூக்கிவந்து போட்டேன். அவர் தயங்கினார். பெரியப்பாவின் கண்கள் சிவந்தன. நான் முதலில் அமர்ந்தேன். பிறகு அவரும் அமர்ந்தார்.

இசைத்தட்டுக்குக் கைதட்ட எனக்குத் துணிவு வேண்டியிருக்கவில்லை, தம்பி. பலகையைத் தூக்கத்தான் வேண்டியிருந்தது. அதுவும் ஒரு பலகைதான், ஊர் மாறிவிடவில்லை. பிறப்பின் பெயரால் பறையடிக்கச் சொல்லும் கட்டாயம் ஒழிய வேண்டும். விரும்புவோர் எவராயினும் அதை ஏந்தி மேடையேற வேண்டும். அந்நாள் வரும்வரை, நம் கைதட்டல் வெறும் ஓசையே!