டிக்கெட் இல்லாத பிரயாணி

பிரயாணம் செய்வதற்கென்றே பிறந்த பிராணி எது என்று கேட்டால், பறவை என்று சொல்வீர்கள். என்னைக் கேட்டால் மூட்டைப்பூச்சி என்பேன். அதற்குச் சிறகு கிடையாது. தெள்ளுப்பூச்சியைப் போல் தாவவும் தெரியாது. 5 மில்லிமீட்டர் உடம்பை வைத்துக்கொண்டு ஊர்ந்துதான் போக வேண்டும். அப்படியிருந்தும் அது கப்பலேறிக் கடல் கடந்திருக்கிறது. இப்போது ஆகாய விமானத்திலும் போகிறது. காரணம் சுலபம். அதைச் சுமந்துகொண்டு போக நாம் இருக்கிறோம். அதற்கு மூட்டைப்பூச்சி என்று பெயர் வைத்தவர் என்ன நினைத்து வைத்தாரோ, தெரியாது. மூட்டை போகும் இடமெல்லாம் போகும் பூச்சி என்று அர்த்தம் செய்துகொண்டால் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

மனிதன் தூங்குகிற இடமெல்லாம் அதற்குப் பிடிக்கும். தூங்கிக்கொண்டே நகருகிற இடமென்றால் இன்னும் விசேஷம். நம் ரயில் வண்டிகளில் மூன்றாம் வகுப்பு என்று ஒன்று இருந்த காலத்தில் அது மரப்பலகையின் இடுக்குகளில் குடியிருந்தது. 1974-ல் மூன்றாம் வகுப்பு எடுபட்டது. பலகை போய் மெத்தை வந்தது. நமக்கு முதுகுவலி குறைந்தது. அது பலகை இடுக்கைக் காலி செய்துவிட்டு மெத்தைத் தையலுக்குக் குடிபோயிற்று. வகுப்பு பேதம் பார்க்கும் வழக்கம் அதனிடம் என்றுமே இருந்ததில்லை.

அமெரிக்காவில் குதிரை வைத்திருப்பவர்கள் சிலர் கண்காட்சி, போட்டி என்று ஊர் ஊராகப் போகிறார்கள். அதற்கென்று ஒரு நீண்ட இழுவை வண்டி உண்டு. பின்பாதியில் குதிரைகள் நிற்கும். முன்பாதியில் மனிதர் தங்க ஒரு சிறு அறை. படுக்கை, அடுப்பு, குளிக்கும் இடம் எல்லாம் அதற்குள்ளேயே. குதிரை இருக்கும் இடத்தில் லத்தி இருக்கும். லத்தி இருக்கும் இடத்தில் ஈ இருக்கும். வண்டியைச் சில மாதம் ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் காற்றுத் துவாரத்தில் குளவி கூடு கட்டும். சக்கரத்தின் வழியாக எறும்பு சாரை சாரையாக ஏறும். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற விருந்தாளிகள், துரத்திவிடலாம். வழியில் ஒரு விடுதியில் ஓர் இரவு தங்கி, அங்கிருந்து மூட்டைப்பூச்சியும் கூட வந்துவிட்டால்தான் சங்கடம். சிறிய அறைதானே, ஒரு நாளில் சுத்தம் செய்துவிடலாமே என்று தோன்றும். உண்மையில் சிறிய அறைதான் கஷ்டமான அறை. இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக எல்லாவற்றையும் மடக்கிச் செருகி, திருகாணி போட்டு முடுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு மடிப்பும், ஒவ்வொரு திருகாணிக் குழியும் அதற்கு ஒரு தனி வீடு.

இந்தப் பிராணியின் தினசரி வாழ்க்கை நம் உத்தியோகஸ்தர்களுடையதைவிட ஒழுங்கானது. பகலெல்லாம் இடுக்கில் உறக்கம். இரவில் நம் உடம்பின் சூட்டையும் மூச்சுக் காற்றையும் மோப்பம் பிடித்து வரும். ஐந்து முதல் பத்து நிமிஷம் வரை இரத்தம் குடிக்கும். பிறகு, மரியாதை தெரிந்த விருந்தாளியைப் போல் நம்மை எழுப்பாமல் வீடு திரும்பிவிடும். பேனைப் போல நம் உடம்பிலேயே தங்குவதில்லை. குஞ்சு பெரிதாவதற்குள் ஐந்து தடவை தோலை உரிக்கிறது. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வேளையாவது சாப்பாடு வேண்டும். ஒரு பெண் பூச்சி தன் ஆயுளில் 200 முட்டைக்கு மேல் இடக்கூடியது. சாப்பாடே கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் தாங்கும். ஆகையால் அறையைப் பூட்டிவிட்டு ஒரு மாதம் ஊருக்குப் போய் வந்தால் அது செத்திருக்கும் என்று எண்ணுவது வீண் ஆசை. அது காத்திருக்கும். அதுவும் நல்ல பசியோடு.

அதற்கு ஒரு பெரிய பலவீனம், சூடு. 50 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் சிறிது நேரம் வைத்தால் முட்டை உட்பட எல்லாம் முடிந்துவிடும். இந்தக் கணக்கு எதுவும் தெரியாமலே நம் வீட்டுப் பெண்கள் கயிற்றுக் கட்டிலின் மூலைகளில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினார்கள். அது சரியான வைத்தியம். மெத்தையை வெறுமே வெயிலில் போடுவது மட்டும் அரை வைத்தியம். மேல்துணி சுட்டாலும் உள்ளே பஞ்சு குளிர்ந்தே இருக்கும். கெட்டிக்காரப் பூச்சி வெயில் படாத பக்கமாக நகர்ந்துவிடும்.

நடுவில் ஒரு காலத்தில், இனி இந்தத் தொல்லையே இல்லை என்று உலகம் நிம்மதியாக மூச்சு விட்டது. டி.டி.டி. என்ற மருந்து பூச்சிகளைக் கொல்லும் என்பதை 1939-ல் ஸ்விட்சர்லாந்தில் பால் முல்லர் கண்டுபிடித்தார். 1948-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் பரிசு கிடைப்பதற்கு முந்தின வருஷமே, ஹவாய்த் தீவில் பேர்ள் துறைமுகத்து மூட்டைப்பூச்சிகள் அந்த மருந்துக்கு அசையவில்லை என்பது தெரிந்துவிட்டது. பலவீனமானவை செத்தன; தாக்குப் பிடித்தவை பிள்ளை குட்டி பெற்றன. அந்தப் பிள்ளைகளுக்கு மருந்து ஒரு பொருட்டாக இல்லை. 1990-களின் கடைசியிலிருந்து லண்டன், நியூயார்க், சிட்னி என்று பெரிய நகரங்களிலெல்லாம் மூட்டைப்பூச்சி மறுபடியும் தலை காட்டியது. 2023-ல் பாரிஸ் நகரம் முழுவதும் இதே பேச்சாக இருந்தது. அலங்காரத்துக்குப் பேர்போன ஊர் அது. அங்கேயும் ஜனங்கள் ரயிலில் உட்காருமுன் இருக்கையைத் தடவிப் பார்த்தார்கள்.

நம் சென்னைக்கும் இதன் சரித்திரத்தில் ஒரு பங்கு உண்டு. 1903-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டானவன், காலா அஸார் என்னும் கொடிய ஜுரத்தின் கிருமியை நோயாளிகளின் மண்ணீரலில் கண்டார். அதே வருஷம் லீஷ்மன் என்பவரும் அதைப் பற்றி எழுதியிருந்ததால், கிருமிக்கு இருவர் பெயரும் சேர்ந்து அமைந்தது. கிருமி தெரிந்துவிட்டது, அதை ஆளுக்கு ஆள் கொண்டுபோவது யார் என்பது தெரியவில்லை. 1907-ல் கிண்டி கிங் நிலையத்தில் பாட்டன் என்ற டாக்டர், நோயாளிகளைக் கடித்த மூட்டைப்பூச்சியின் வயிற்றுக்குள் அந்தக் கிருமி உருமாறி வளர்வதைப் பார்த்தார். போதாதா? குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்றே பலருக்கும் தோன்றியது. ஏற்கெனவே கெட்ட பெயர் எடுத்தவன் மேல் இன்னொரு வழக்கைப் போடுவதில் என்ன சிரமம்? உண்மையான குற்றவாளி மணல் ஈ என்று சந்தேகமறத் தெரிய 1942 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் என்ற மூவர், அஸ்ஸாமில் தாமாக முன்வந்த மனிதர்களை மணல் ஈக்களைக் கொண்டு கடிக்கச் செய்து அதை நிரூபித்தார்கள். மூட்டைப்பூச்சி விடுதலையாயிற்று. தூக்கத்தைத் திருடுகிறது, தோலைத் தடிக்க வைக்கிறது, அது வாஸ்தவம். ஆனால் அன்றாட வாழ்வில் அது மனிதருக்கு நோய் பரப்புகிறது என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை.

இந்தக் கிண்டிக் கதை எனக்கு நினைவுக்கு வந்தது, எங்கள் குடியிருப்பில் நடந்த ஒரு சிறு சம்பவத்தால்.

அடுத்த வீட்டுக்காரர் ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். அவருடைய பிள்ளை வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து மூன்று வாரம் இருந்துவிட்டுப் போனான். அவன் போய் ஒரு மாதம் கழித்து அவன் படுத்திருந்த அறையில் மூட்டைப்பூச்சி தென்பட்டது. வீட்டம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. பூச்சி கடித்ததைவிட, நான்கு பேருக்குத் தெரிந்துவிடுமே என்ற வெட்கம்தான் அதிகமாகக் கடித்தது. எப்படி வந்தது என்ற விசாரணை அரை மணி நேரம்கூட நடக்கவில்லை. வேலைக்காரப் பெண்மணி ஆறு வருஷமாக வந்துகொண்டிருந்தவள். குடிசைப் பகுதியில் இருக்கிறாள், அவள் புடவையில் வந்திருக்கும் என்று தீர்ப்பாயிற்று. இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் சத்தம் போடவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அந்தக் கட்டில்லே நான் என்னிக்கும்மா உக்காந்தேன்?"

வழக்கறிஞர்கள் பத்துப் பேர் கூடினாலும் இதைவிட நல்ல வாதம் சொல்ல முடியாது. ஏனென்றால் மூட்டைப்பூச்சி மனிதன் படுக்கும் இடத்தை ஒட்டியே குடித்தனம் செய்யும். அவள் வேலை செய்தது சமையலறையிலும் கொல்லைப்புறத்திலும். பூச்சி இருந்தது பிள்ளையின் கட்டிலில்.

மருந்து அடிக்க வந்த ஆள் அதிகம் படித்தவராகத் தெரியவில்லை. ஆனால் தொழில் தெரிந்தவர். கட்டிலின் தலைமாட்டுப் பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஊர்லேர்ந்து வந்த பெட்டி ஏதாவது வீட்டுல இருக்கா சார்?" என்று கேட்டார். பிள்ளை விட்டுவிட்டுப் போன பெரிய பெட்டி ஒன்று பரணில் இருந்தது. இறக்கித் திறந்தார்கள். உள்துணியின் தையல் ஓரமெங்கும் மையைத் தெளித்தாற்போல் கறுப்புப் புள்ளிகள். உரித்துப் போட்ட தோல்கள். "பிளேன்ல வந்திருக்கு சார்" என்றார் அவர். அவ்வளவுதான்.

மருந்து அடித்தார்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அடித்தார்கள். வேறு ஆள் சரிப்படாமல், பழைய பெண்மணிக்கே சொல்லியனுப்பினார்கள். அவளும் வந்தாள். ஒருநாள் மாடிப்படியில் பார்த்தபோது, "பெட்டி விஷயத்தை அவளிடம் சொல்லிவிட்டீர்கள் அல்லவா?" என்று அந்த அம்மாளைக் கேட்டேன்.

"அதெல்லாம் எதற்கு? அதுதான் வந்துவிட்டாளே" என்றார்.

கிண்டியில் கூண்டில் ஏற்றப்பட்ட பூச்சிக்கு 35 வருஷம் கழித்தாவது விடுதலைத் தீர்ப்பை எழுதிப் படித்தார்கள். அந்தப் பெண்மணிக்கு அதைப் படிப்பார் இல்லை. கடைசியில் என் மனைவிதான் ஒருநாள் அவளிடம் சொன்னாள். அவள் ஆச்சரியப்படவில்லை. "தெரியும்மா. எங்க வீட்டுல ஏதும்மா கட்டிலு?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அந்தச் சிரிப்பில் வருத்தம் எவ்வளவு என்று அளந்து சொல்ல என்னால் முடியாது.

மூட்டைப்பூச்சிக்கு எதிரான முதல் மருந்து வெந்நீர் அல்ல. வெட்கத்தை விடுவது என்பது என் அபிப்பிராயம். அது அழுக்கின் அடையாளமல்ல; பிரயாணத்தின் அடையாளம். வெட்கப்படுகிறவன் மறைக்கிறான். மறைக்கிறபோது அது பெருகி அடுத்த வீட்டுக்கும் போகிறது. மறைக்க முடியாமற்போனால், எதிர்த்துப் பேச முடியாத ஓர் ஆள் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம்.

என் தாயார் இதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தாள். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் படுக்கையும் பெட்டியும் நேரே முற்றத்துக்குப் போக வேண்டும். உதறி, தையல் தையலாகப் பார்த்து, துணிகளை வெந்நீரில் நனைத்த பிறகுதான் கூடத்துக்குள் அனுமதி. சம்பந்தி வந்தாலும் இதே சட்டம். கையில் காசில்லாமல் வந்து சேரும் தூரத்து உறவுக்காரப் பையனுக்கும் இதே சட்டம். "ரயில் அழுக்கு, ஒரு நிமிஷம் இரு" என்பாள். எல்லாருக்கும் ஒரே மாதிரிச் செய்ததால் யாருக்கும் அவமானமாகப் படவில்லை. வீட்டில் பூச்சியும் தங்கவில்லை.

முற்றங்கள் போய்விட்டன, பால்கனியாவது இருக்கிறது. அடுத்த முறை ஊரிலிருந்து வந்ததும், பெட்டியைக் கட்டில் மேல் வைக்காமல் அங்கே கொண்டுபோய்த் திறவுங்கள். அது உங்கள் சொந்தப் பெட்டியாக இருந்தாலும் சரி, வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளையின் பெட்டியாக இருந்தாலும் சரி.