நமது நாயும் ஒரு கரண்டி மருந்தும்

மருந்தென்று பெயர் பெற்ற எதுவும் நன்மையே செய்யும் என்ற நம்பிக்கை நம்மவரிடம் ஆழ வேரூன்றியிருக்கிறது. ஒரு மாத்திரை நல்லதென்றால் இரண்டு மாத்திரை இருமடங்கு நல்லதென்று எண்ணுவோர் படியாதவரிடையே மட்டுமன்றிப் படித்தவரிடையேயும் உண்டு. பிறரைச் சொல்வானேன்? அவ்வெண்ணங் கொண்டோருள் நாமும் ஒருவராக இருந்தோம். அதனைப் போக்கிய பெருமை, கிள்ளானில் நமது வீட்டு வாயிலில் படுத்திருக்கும் ஒரு நாய்க்கே உரியது. அதன் வாயிலிருந்து வழிந்த இரத்தத்தைக் கண்ட பின்னரே நமக்குப் புத்தி வந்தது.

அதன் பெயர் டைகர். இந்நாளில் ஜெர்மன் ஷெப்பர்ட் என்றும், நம் முதியோரால் அல்சேஷன் என்றும் அழைக்கப்படும் இனம். 2020ஆம் ஆண்டு கைக்குழந்தை போல் நம் வீட்டுக்கு வந்தது. இரண்டு வயதாகும்போது 31 கிலோ எடையுடன், தெருவில் அஞ்சல்காரர் அஞ்சும்படி நின்றது. அதன்பின் நான்கே மாதங்களில் எடை 22 கிலோவாகக் குறைந்து விட்டது. உண்ணாமல் மெலிந்ததென்றால் விளங்கிக் கொள்ளலாம். இதுவோ தட்டை நக்கித் தேய்த்தது. குப்பைக் கூடையைக் கவிழ்த்தது. சொல்லவும் கூசுகிறது, தன் மலத்தையே தின்றது. கழிக்கும் மலமோ உண்ட உணவிலும் மிகுதியோ என்று ஐயுறத்தக்க அளவில், வெளிறிய மஞ்சளாய், எண்ணெய்ப் பசையுடன், தெருமுனை வரை நாறிற்று. அண்டை வீட்டுச் சீன மூதாட்டியார், நாம் நாயைப் பட்டினி போடுகிறோம் என்று கருதி, வேலி வழியாகச் சோறு எறியத் தொடங்கினார். அவ்வெட்கம் இன்றும் நினைவிலிருக்கிறது.

நமது அத்தையார் கண்ணேறு என்றார். கறுப்புக் கயிறொன்று மந்திரித்துக் கொண்டு வந்தார். நாம் நகைத்தோம். பூச்சி மருந்து இருமுறை கொடுத்துப் பார்த்து, அதுவும் பலிக்காமற் போகவே மிருக வைத்தியரிடம் சென்றோம். அவர் டைகரைப் பட்டினியாய் வைத்து இரத்தம் எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்பினார். டிரிப்சின் என்னும் பொருளை ஒத்த ஒன்று இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதென்று அளக்கும் சோதனையாம் அது. விடை வந்தது: டைகரின் கணையம் ஜீரண நீரைச் சுரக்கவில்லை.

கணையம் இரைப்பைக்குக் கீழே ஒதுங்கிக் கிடக்கும் உறுப்பு. கொழுப்பைப் பிரிக்க லைப்பேஸ், மாவைப் பிரிக்க அமைலேஸ், மாமிசத்தைப் பிரிக்கப் புரோட்டியேஸ் ஆகிய நொதிகளைச் சுரந்து குடலுக்கு அனுப்புவது அதன் தொழில்களில் ஒன்று. அல்சேஷன் இனத்தில் சில நாய்களுக்கு, இளமையிலேயே இந்நொதிகளைச் சுரக்கும் அணுக்கள் தாமாகத் தேய்ந்தழிகின்றன. பத்தில் ஒன்பது பங்கு அழியும் வரை வெளியே ஒன்றும் தெரியாது. பின்னர் உணவு உட்சென்றும் உடலில் ஒட்டுவதில்லை. நிறைந்த தட்டின் முன்னே ஒரு பிராணி பட்டினியால் சாகும் கொடுமை இது.

இவ்விடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கணையத்தைப் பற்றி மனிதன் அறிந்தவற்றுட் பெரும்பகுதி நாயின் உயிரைக் கொண்டு அறிந்ததே. 1889ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மிங்கோவ்ஸ்கி, ஃபான் மெரிங் என்னும் இருவர் ஒரு நாயின் கணையத்தை அறுத்தெடுத்ததினாலன்றோ நீரிழிவின் மூலம் தெரிந்தது! 1921ஆம் ஆண்டு டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலின் கண்டதும் நாய்களை வைத்தே. கணையம் அகற்றப்பட்ட நாய்கள் இன்சுலின் இட்டும் நெடுநாள் நலமாய் வாழவில்லை. பச்சைக் கணையத்தை உணவுடன் ஊட்டிய பின்னரே தேறின என்பதையும் 1920களில் அந்நகரத்தாரே கண்டனர். நம் வீட்டில் இன்சுலின் ஊசி போட்டுக் கொள்ளும் அம்மாவுக்கு இவ்வரலாற்றை எடுத்துரைத்தோம். அவர் சற்று நேரம் டைகரையே பார்த்துக் கொண்டிருந்தார்.

நிற்க. வைத்தியர் தந்தது ஒரு டப்பியில் அடைத்த பொடி. பன்றியின் கணையத்தை உலர்த்தி இடித்தது. வேளைக்கு இரண்டு தேக்கரண்டி, உணவில் கலந்து, வாழ்நாள் முழுதும் கொடுக்க வேண்டும் என்றார். பன்றி என்ற சொல் காதில் விழுந்ததும், சைவ உணவே உண்ணும் அம்மா அதனைச் சமையலறைக்குள் விடமாட்டேன் என்று கூறிவிட்டார். ஆகவே டப்பி வெளித் திண்ணையில், துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் குடியேறியது. பிற்பகல் வெயில் நேரே விழும் இடம் அது. மழைக்காலத்தில் ஈரமும் சேரும். பத்து நாட்களில் பொடி கட்டி தட்டிற்று.

தொடக்கத்தில் டைகர் தேறியது உண்மை. மூன்றாம் நாளே மலம் உருவங்கொண்டது. ஆனால் மாதக் கடைசியில் மறுபடி தளர்ந்தது. வெப்பமும் ஈரமும் நொதியின் வலுவைக் குறைக்கும் என்பதை நாம் அன்று அறியோம். ஆகவே கரண்டியைக் கூட்டினோம். இரண்டு மூன்றாயிற்று, மூன்று நான்காயிற்று. நாய்க்குச் செய்யும் தருமம் என்று நினைத்துக் குவித்துக் குவித்துப் போட்டோம். அடுத்த டப்பி வந்தபோது நம் மனைவியார் அம்மாவிடம் வாதாடி, அதனை வீட்டினுள் நிழலான அலமாரியில் வைத்தார். பொடி புதியது, வலு குறையாதது. கரண்டியோ பழைய குவியற் கரண்டியே. நடந்ததற்குக் காரணம் இதுவே என்பது நமது அனுமானம்.

ஒரு காலை, டைகரின் தண்ணீர்ச் சட்டியில் நீர் இளஞ்சிவப்பாய் இருந்தது. வாயைத் திறந்து பார்த்தோம். ஈறுகளிலும் நாக்கின் ஓரத்திலும் தோல் உரிந்து, தொட்ட இடமெல்லாம் இரத்தம் கசிந்தது. எலும்பு குத்தியதோ, கம்பியைக் கடித்ததோ, விஷமோ என்று பலவாறு எண்ணினோம். பொடியை மட்டும் எண்ணவில்லை. அது மருந்தன்றோ! அருகிலிருந்த ஒரு வைத்தியசாலையில் ஈறு நோய் என்று கூறி மருந்து எழுதிக் கொடுத்தனர். அதையும் நான்கு கரண்டிப் பொடியையும் சேர்த்து ஒரு வாரம் கொடுத்தோம். புண் பெரிதாயிற்று. பசியால் தட்டருகே ஓடிவந்து, வலியால் முனகிப் பின்வாங்கும் அக்காட்சியை எழுத நமக்கு மனமில்லை.

முன்னர் நோயைக் கண்டுபிடித்த வைத்தியரிடமே திரும்பினோம். அவர் வாயைப் பார்த்தார். ஒரே கேள்வி கேட்டார்: எத்தனை கரண்டி? நான்கு என்றோம், ஒருவகைப் பெருமையுடன். எந்தக் கரண்டி என்றார். மனைவியார் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அது தேக்கரண்டியே அன்று. சூப்புக் குடிக்கும் சீனக் கரண்டி. வைத்தியர் அதில் தண்ணீரை ஊற்றித் தம் அளவுக் கரண்டியால் அளந்து காட்டினார். தலைதட்டி எடுத்தாலே மூன்று தேக்கரண்டி பிடித்தது. நாம் தலை குனிந்தோம்.

அவர் விளக்கியது இது. மாமிசத்தைக் கரைக்கும் நொதிக்குத் தட்டிலுள்ள மாமிசம் எது, நாயின் வாய் எது என்று தெரியாது. உணவில் தோயாத பொடி பல்லிடுக்கிலும் உதட்டு மடிப்பிலும் ஒட்டிக் கிடந்தால், அங்கேயே தன் தொழிலைத் தொடங்கிவிடும். இவ்வாறு வாயில் இரத்தம் கசிந்த மூன்று நாய்களைப் பற்றி 2002ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மிருக வைத்திய சங்கத்தின் சஞ்சிகையில் எழுதியிருக்கின்றனர். மருந்தின் அளவைக் குறைக்கவே புண் ஆறியதாம். டப்பியோடு வந்த தாளிலும் சிற்றெழுத்தில் இதுபற்றி ஒரு வரி இருந்தது. கயிறு மந்திரித்த அத்தையாரை நகைத்த நாம் அத்தாளைப் பிரித்தும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து முறை மாறிற்று. தலைதட்டிய தேக்கரண்டியே அளவு. பொடியை உணவின் மேல் தூவி விடாமல் நன்றாகப் பிசைந்து, ஆறிய தண்ணீர் ஊற்றிக் குழைத்து, இருபது நிமிஷம் ஊற விட வேண்டும். சுடுநீர் கூடாது; சூடு நொதியைக் கொன்றுவிடும். நோய் குணமாவதற்கு இந்த ஊறல் அவசியமில்லை என்பது வைத்தியர் அபிப்பிராயம். வாயைக் காப்பதற்கே இவ்வேற்பாடு. உண்டு முடித்ததும் தண்ணீர் வைத்து, தாடையிலும் மார்பு மயிரிலும் ஒட்டியதை ஈரத்துணியால் துடைக்கிறோம். இரண்டு வாரத்தில் ஈறு பழைய நிறத்துக்கு வந்தது.

ஆனால் பயம் மனிதனை மற்றொரு கோடிக்குத் தள்ளும் போலும். பொடியே பகையென்று கருதி, வைத்தியரைக் கேளாமல் அரைக் கரண்டியாக்கி விட்டோம். பழைய நாற்றம் திரும்பிற்று. மளிகைக் கடைத் தராசில் நிறுத்ததில் இரண்டு கிலோ குறைந்திருந்தது. அதன் பின்னரே ஒரு குறிப்பேடு வாங்கி, நாள்தோறும் கரண்டியின் அளவு, மலத்தின் தன்மை, வாயின் நிறம் ஆகியவற்றையும், ஞாயிறுதோறும் எடையையும் எழுதலானோம். வைத்தியர் அதைப் பார்த்துப் பார்த்துச் சிறிது சிறிதாகக் கூட்டினார். வேளைக்கு ஒன்றரைத் தேக்கரண்டியில் மலமும் நன்றாயிருந்தது, வாயும் நன்றாயிருந்தது. டைகருக்குப் பொருந்திய அளவு இது. வேறொரு நாய்க்கு இது மிகுதியாகலாம், குறைவாகவும் ஆகலாம். செலவிலும் மிச்சமுண்டு. முன்னர் மூன்று வாரத்தில் தீர்ந்த 300 வெள்ளி டப்பி இப்பொழுது மூன்று மாதத்துக்கு மேல் வருகிறது.

பொடியினால் வரும் தொல்லை வாயோடு முடிவதில்லை. அளவு மிகுந்தால் வயிறு பொருமும், வாயு மிகும், பேதியுமாகும். மனிதருக்கும் கெடுதலுண்டு. டப்பியைத் திறந்து கொட்டும்போது எழும் தூசு மூக்கில் ஏறி நம் மனைவியாருக்கு நெடுநாள் இருமல் இருந்தது. விரலிடுக்கில் அரிப்பும் கண்டது. இருமலுக்குக் கிள்ளான் ஆற்றுக் காற்றைக் குறை கூறிக் கொண்டிருந்தோம்! ஆஸ்த்துமா உள்ளவர் இப்பொடியைக் கையாளாதிருப்பதே நலம் என்று வைத்தியர் எச்சரித்தார். இப்பொழுது கையுறையும் முகமூடியும் அணிந்து, காற்றாடியை நிறுத்திவிட்டே டப்பியைத் திறக்கிறோம். 2020ஆம் ஆண்டின் கொள்ளை நோய்க் காலத்தில் வாங்கிக் குவித்த முகமூடிகள் இவ்வாறு பயன்படுகின்றன.

எல்லாக் கழிச்சலுக்கும் பொடியே காரணமென்று கொள்வதும் தவறு. சென்ற ஆண்டு டைகருக்கு மீண்டும் பேதி கண்டபோது, அளவைக் குறைக்க வேண்டுமென்று நாம் சொல்ல, வைத்தியர் மறுத்து இரத்தத்தைச் சோதித்தார். பி12 என்னும் வைட்டமின் மிகவும் தாழ்ந்திருந்தது. கணையம் கெட்ட நாய்களில் பலவற்றுக்கு அது குடலில் ஏறுவதில்லையாம். வாரம் ஒன்றாக ஆறு ஊசி போட்ட பிறகு பேதி நின்றது. பொடியின் அளவில் ஓர் அணுவும் மாற்றவில்லை. வேறு சில நாய்களுக்குக் குடலில் கிருமிகள் பெருகி இதே தொல்லை வருவதுண்டென்றும், அதற்குச் சிகிச்சை வேறென்றும் அவர் சொன்னார்.

பொடியை விட்டுப் பச்சைக் கணையமே ஊட்டலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். ஊட்டலாம், மேல்நாட்டில் ஊட்டுகின்றனர். பசாரில் பன்றி இறைச்சிக் கடைக்காரரிடம் விசாரித்தும் பார்த்தோம். ஆனால் சமைத்தால் நொதி அழியும். சமைக்காமல் கொடுத்தாலோ, அவுஜெஸ்கி என்னும், நாய்க்குத் தப்பாமல் மரணம் விளைக்கும் நோய் பன்றியிடமிருந்து தொற்றக் கூடும். அம்மாவின் முகத்தையும் எண்ணிப் பார்த்து, அவ்வெண்ணத்தைக் கைவிட்டோம்.

நோய் தெரிந்த அன்று, நாயைத் தூங்க வைத்துவிடுவதும் ஒரு வழி என்று வைத்தியசாலையில் மெல்லச் சொன்னார்கள். செலவையும் தொல்லையையும் அஞ்சி அவ்வழியைத் தேர்ந்தோரை நாம் பழிக்க மாட்டோம். ஆயினும், 2007ஆம் ஆண்டு பிரிட்டனில் இந்நோயுள்ள 178 நாய்களை ஆராய்ந்தபோது, சிகிச்சையால் நன்கு தேறியவை 100க்கு 60 என்று கண்டிருக்கின்றனர். இக்கணக்கை அன்றே எவரேனும் கூறியிருந்தால், அந்த இரவை நாம் கண் விழித்துக் கழித்திருக்க மாட்டோம்.

டைகர் இப்போது 29 கிலோ. பழைய 31 திரும்பவில்லை; திரும்ப வேண்டுமென்று நாம் கேட்கவுமில்லை. மாலை ஆறரைக்கு உணவைப் பிசைந்து மேசை மேல் வைத்தவுடன் அது வந்து உட்கார்ந்து கொள்கிறது. இருபது நிமிஷம் என்பது ஒரு நாய்க்கு எத்தனை நீண்ட காலம்! எச்சில் தரையில் சொட்டுகிறது. பன்றிப் பொடியைத் தொடமாட்டேன் என்ற அம்மா, தொடாமலே ஒரு பணியை ஏற்றுக் கொண்டிருக்கிறார். கடிகாரத்தில் மணி வைப்பவர் அவரே. மணி அடிக்குமுன் யாரும் தட்டை இறக்க அவர் விடுவதில்லை. அடித்ததும் இருவரும் ஒன்றாக எழுகின்றனர்.