முதல் தண்ணீர்

பிலடெல்பியா, ஆகஸ்ட் 5, திங்கள்

பகல் பதினொரு மணிக்கு எங்கள் குழுத் தலைவியிடமிருந்து தொலைபேசி வந்தது. நகரத்தின் ஒரு கோடியிலுள்ள முதியோர் இல்லம் ஒன்றில் பத்து நாட்களுக்குள் இருவர் நிமோனியா கண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள் என்றும், இருவருடைய மூத்திரப் பரீட்சையிலும் லெஜியனெல்லாக் கிருமியின் சுவடு தெரிகிறதென்றும், விடிந்ததும் ஜல மாதிரி எடுக்கப் புறப்பட வேண்டுமென்றும் சொன்னார். ஒருவர் மட்டும் படுத்திருந்தால் எங்கோ போன இடத்தில் பற்றியது என்று சொல்ல இடமுண்டு. வெளி நடமாட்டமே இல்லாத இருவர் ஒரே கூரையின் கீழ்ப் படுத்தால், அந்தக் கூரைக்குள் ஓடும் குழாய்களைத்தான் முதலில் விசாரிக்க வேண்டியிருக்கிறது. இந்த வியாதி சாதாரணமாக மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை. கிருமி குடியிருக்கும் ஜலம் நுண்துளியாகச் சிதறிக் காற்றில் மிதந்து, மூச்சோடு நுரையீரலுக்குள் இறங்குவதே அதன் பிரதான மார்க்கம்.

மாலையில் புட்டிகளை எண்ணி வைத்தேன். ஒவ்வொன்றும் ஒரு லிட்டர் கொள்ளும். ஒவ்வொன்றுக்குள்ளும் சிறிதளவு சோடியம் தயோசல்பேட் இருக்கிறது. ஜலத்திலுள்ள குளோரின் வழிநெடுகத் தன் வேலையைச் செய்து, நாங்கள் தேடிப் போகும் கிருமியைப் பிரயோகசாலைக்கு வந்து சேருமுன்பே தீர்த்துவிடாதபடி அதை அடக்கி வைக்கும் உப்பு அது.

இந்த வேலைக்கு வந்த புதிதில் நான் பட்ட அவமானம் ஒன்று இன்று நினைவுக்கு வந்தது. சென்னையில் குடிநீர் பரிசோதிக்கக் கற்றவன் நான். அங்கே குழாயின் வாயை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுச் சுடரில் காட்டிச் சுத்தி செய்து, இரண்டு மூன்று நிமிஷம் தண்ணீரை ஓடவிட்டு, பிறகு புட்டியைப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு ஓட வேண்டும்; தெருவின் அடியில் வரும் பிரதான குழாயின் யோக்கியதை என்ன என்பதே அங்கே கேள்வி. அந்த வித்தையை அப்படியே இங்கே செய்து காட்டியபோது, தலைவி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். இங்கே கேள்வி இந்தக் குழாயின் கடைசி இரண்டடியில் இராத்திரி முழுவதும் தேங்கிக் கிடந்த தண்ணீரைப் பற்றியது. சுடக் கூடாது, ஓடவிடக் கூடாது, ஐஸில் புதைக்கவும் கூடாது. மாயவரத்தில் தெருக்குழாயடியில், "மொதத் தண்ணியக் கீழ விட்டுட்டுக் குடத்த வைடா" என்று அம்மா சொல்லி வளர்த்த பிள்ளைக்கு, அந்த முதல் தண்ணீரைத்தான் ஒரு சொட்டு சிந்தாமல் பிடிக்க வேண்டும் என்ற நியமம் மனத்தில் படிய ஒரு வருஷம் ஆயிற்று.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இல்லத்தின் வாசலிலேயே குளோரின் நெடி எங்களை எதிர்கொண்டது. அந்தக் கட்டடத்தின் குழாய்களையும் கொதிகலனையும் இருபது வருஷத்துக்கு மேலாகக் கவனித்து வருகிற பெரியவர், நேற்று மாலை செய்தி கேட்டதும் உறங்கப் போகாமல், தொட்டியில் மருந்தைக் கலந்து, அறை அறையாகச் சென்று ஒவ்வொரு குழாயையும் திறந்து, மருந்தின் வாசனை வரும் வரையில் காத்திருந்து மூடிவிட்டு, பழைய ஷவர் தலைகளையெல்லாம் கழற்றி எறிந்து புதியவற்றை மாட்டி, விடியற்காலையில்தான் உட்கார்ந்திருக்கிறார். "நீங்கள் வரும்போது எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்" என்றார். படுத்திருக்கும் இருவரையும் அவர் பெயர் சொல்லி விசாரித்தார். அவர்மேல் கோபிக்க யாருக்கு வாய் வரும்? கொலை நடந்த வீட்டைப் போலீசார் வருமுன் கழுவி மெழுகிக் கோலமும் போட்டு வைத்ததுபோல இருந்தது எங்கள் நிலைமை.

மொட்டை மாடியில், நுண்துளியைச் சிதறடிக்கும் குளிர்விப்புக் கோபுரம் இல்லை. ஜன்னலில் மாட்டும் சிறு குளிர்சாதன இயந்திரங்கள்தான். ஆகவே சந்தேகம் முழுவதும் வெந்நீரின்மேல் விழுந்தது. கொதிகலனின் உஷ்ணமானி 48 டிகிரி காட்டிற்று. இதைப் பற்றிச் சற்று எழுத வேண்டும். இந்தக் கிருமி 25 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் இடையில் சுகமாகப் பெருகும். 60 டிகிரிக்கு மேல் வெகுநேரம் பிழைக்காது. ஆகவே தொட்டியில் 60 இருக்க வேண்டும் என்பது சாஸ்திரம். ஆனால் எண்பது வயதுக் கிழவியின் மெல்லிய தோல் அந்த உஷ்ணத்தில் சில விநாடிகளில் வெந்துவிடும். கூப்பிட்ட குரலுக்கு ஆள் வருவதற்குள் விபரீதம் நேர்ந்துவிடும். அதற்கு அஞ்சித்தான் பெரியவர் உஷ்ணத்தைத் தணித்து வைத்திருந்தார். தொட்டியில் 48 ஆக இருப்பது நீண்ட குழாய்களில் ஊர்ந்து கடைசி அறைக்குப் போய்ச் சேரும்போது 40 ஆகிவிடுகிறது. தோலைக் காப்பாற்றிய அந்தக் கருணையே நுரையீரலுக்குச் சத்துருவை வளர்த்துவிட்டது. தொட்டியில் உஷ்ணத்தை உயர்த்தி வைத்து, குழாய் வாயருகே குளிர்ந்த நீரைக் கலந்து தணிக்கும் வால்வுகள் உண்டு; அவற்றுக்குப் பணம் வேண்டும், அதற்கு நிர்வாகத்தின் கையெழுத்து வேண்டும்.

எறியப்பட்ட ஷவர் தலைகளைக் குப்பை வண்டி விடியுமுன்பே வாரிக்கொண்டு போய்விட்டது. இருந்தும் முறைப்படி ஒவ்வொரு அறையிலும் வேலையை முடித்தோம்: முதலில் துடைகுச்சியால் குழாய் வாயின் உட்புறத்து வழவழப்பைச் சுற்றித் துடைத்து எடுப்பது, அப்புறம் முதல் தண்ணீரைப் பிடிப்பது, பிறகு ஓடவிட்டு உஷ்ணத்தையும் குளோரினையும் அளந்து எழுதுவது. எல்லா அறைகளிலும் குளோரின் ஏராளம். பகல் இரண்டு மணிக்கு என் மனத்தில் இந்தப் பிரயாணம் வீண் என்றே தீர்மானமாகிவிட்டது.

அப்போது தலைவி கட்டடத்தின் படத்தை மடித்துக்கொண்டே, "மூன்றாம் மாடியில் இங்கே ஒரு ஸ்நான அறை வரைந்திருக்கிறதே, அதைப் பார்த்தோமா?" என்று கேட்டார். பெரியவர் சிறிது யோசித்து, அது இப்போது சாமான் அறை என்றார். சக்கர நாற்காலிகளையும் மெத்தைகளையும் நகர்த்தி உள்ளே போனோம். சுவரில் ஒரு குழாய் இருந்தது. கடைசியாக அதை யார் எப்போது திறந்தார்கள் என்று எவருக்கும் தெரியவில்லை. இரவெல்லாம் மருந்தைச் சுமந்து நடந்த கால்கள் இந்த ஒரு வாசலை மட்டும் கடந்து போயிருக்கின்றன. திறக்காத குழாய்க்குள் மருந்து எப்படிப் போகும்? மூக்குக்கவசத்தை இறுக்கிக்கொண்டு, குச்சியால் துடைத்துவிட்டு, புட்டியைக் குழாயோடு ஒட்டிப் பிடித்துத் துளியும் சிதறாமல் மெதுவாகத் திறந்தேன். செங்காவி நிறத்தில் வந்தது. குளோரின் இல்லை. உஷ்ணம் 37 டிகிரி.

அந்தக் குழாய் வெறும் முட்டுச்சந்து அன்று. இரு பக்கத்து அறைகளின் ஷவருக்குப் போகும் அதே வெந்நீர்க் குழாயிலிருந்து பிரிந்து வருகிறது.

ஆகஸ்ட் 7, புதன்

பிரயோகசாலை. தண்ணீரை வடிகட்டிச் செறிவாக்கி, ஒரு பங்கை அப்படியே வைத்து, ஒரு பங்கை அரை மணி நேரம் 50 டிகிரியில் சூடேற்றி, ஒரு பங்கை அமிலத்தில் சிறிது நேரம் ஊறவைத்து, மற்றக் கிருமிகளின் கூட்டத்தைக் குறைத்த பிறகு கரித்தூள் கலந்த கறுப்புத் தட்டுகளில் இட்டோம். இரும்பும் சிஸ்டீனும் இல்லாவிட்டால் இது வளராது, அவ்வளவு பத்தியக்காரன். இனிப் பத்து நாள் காத்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பிராட் தெருவில் நடந்து, வால்நட் தெரு சந்திப்பிலுள்ள பழைய பெல்வியூ-ஸ்ட்ராட்ஃபோர்டு ஹோட்டலின் எதிரே வெகுநேரம் நின்றேன். 1976 ஜூலை 21 முதல் 24 வரையில் அமெரிக்கன் லீஜன் என்னும் முன்னாள் போர்வீரர் சங்கத்தின் மாநாடு இங்கேதான் நடந்தது. மாநாட்டுத் தொடர்புடைய 182 பேர் நோயுற்று 29 பேர் இறந்தார்கள்; ஹோட்டலுக்குள் அடியெடுத்து வைக்காமல் இந்தத் தெருவில் நடந்தவர்களிலும் 39 பேர் படுத்து ஐவர் மாண்டார்கள். நான் நிற்கும் நடைபாதையும் அதில் சேர்த்திதான். விஷமா, நிக்கல் புகையா என்று ஊர் பல விதமாகப் பேசிற்று. நவம்பரில் ஹோட்டல் மூடப்பட்டது. ஆண்டின் இறுதியில் அட்லாண்டாவில் ஆராய்ச்சியாளர் ஜோசப் மெக்டேட் தாம் முன்பு பார்த்து ஒதுக்கிய கண்ணாடித் தகடுகளை மறுபடியும் எடுத்துப் பார்த்ததால்தான், 1977 ஜனவரியில் இந்தக் கிருமியை அறிவிக்க முடிந்தது. அது மட்டுமா? 1965இல் வாஷிங்டனிலுள்ள செயின்ட் எலிசபெத்ஸ் ஆஸ்பத்திரியிலும், 1968இல் மிச்சிகனிலுள்ள பான்டியாக் நகரத்திலும் காரணம் தெரியாமல் வந்துபோன வியாதிகளில் படுத்தவர்களின் ரத்த நீரை யாரோ புண்ணியவான்கள் குளிர்பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். ஏறக்குறைய பத்து வருஷம் கழித்து அவையும் வாய் திறந்து சாட்சி சொல்லின. எடுத்து வைத்தது என்றாவது பேசும். எதிரே நிற்கும் இந்தப் பெரிய கட்டடமோ, எந்த நீரிலிருந்து அது கிளம்பிற்று என்பதை இன்றுவரை முழுமையாகச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வந்துவிட்டது. மூன்றாம் மாடித் தட்டில் மட்டும், உருப்பெருக்கியின் கீழ், சாம்பல் நீலத்தில் கண்ணாடித் தூள் பொடித்து வைத்ததுபோன்ற புள்ளிகள். சிஸ்டீன் இல்லாத தட்டுக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே வளராமல் இருந்தால்தான் நம்முடையது.

ஆகஸ்ட் 19, திங்கள்

வளரவில்லை. லெஜியனெல்லா நிமோபிலா, முதலாம் சீரவகை என்று நிர்ணயமாயிற்று. மற்றப் புட்டிகள் அனைத்தும் வெறும் தட்டுகள். அந்த முட்டுக்குழாயை அடியோடு அறுத்து எடுக்கச் சொல்லியாயிற்று. ஷவர்களுக்கு வடிகட்டி போட்டிருக்கிறார்கள். வால்வுகளுக்கு நிர்வாகம் கையெழுத்திட்டுவிட்டது. நோயாளிகளில் ஒருவர் வீடு திரும்பிவிட்டார்.

இனி மிஞ்சியிருப்பது, குழாயில் வளர்ந்ததும் நோயாளியின் நுரையீரலில் வளர்ந்ததும் ஒரே வம்சம்தானா என்று மரபணு வரிசையை ஒப்பிட்டுப் பார்ப்பது. அதற்காக இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் எழுதிக் கேட்டிருந்தேன். இன்று பதில்கள் வந்தன. இரண்டு இடத்திலும் மூத்திரப் பரீட்சையிலேயே விடை கிடைத்துவிட்டதால், சளி எடுக்காமலே மருந்தை ஆரம்பித்திருக்கிறார்கள். மருந்து கொடுத்தது சரி. ஒரு மணி தாமதித்திருந்தாலும் நானே குறை சொல்லியிருப்பேன். ஆனால் மூத்திரம் கிருமியின் சுவட்டைக் காட்டுமே தவிரக் கிருமியைத் தராது. தண்ணீரின் முதல் வாய் எங்களுக்குக் கிடைத்தது, நோயாளியினுடையது கிடைக்கவில்லை. அறிக்கையில் "சாத்தியம் மிகுதி" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். "நிரூபணம்" என்று எழுத வழியில்லை.

இதை வாசிக்கும் வைத்தியர்கள் எவரேனும் இருந்தால் ஒரு விண்ணப்பம்: நிமோனியாவோடு வருகிறவருக்கு இந்த வியாதியைச் சந்தேகித்தால், மூத்திரத்தோடு சளியும் சிறிது, இயலுமானால் முதல் மருந்து இறங்குமுன், எடுத்துப் பிரயோகசாலைக்கு அனுப்பி வையுங்கள்.