ஓட்டு வீடு

தஞ்சையில் என் தந்தையார் கட்டிய ஓட்டு வீடு ஈராண்டுகள் பூட்டிக் கிடந்தது. வாடகைக்கு விடக் கருதிச் சென்றபோது, கூடத்துச் சுவரில் மழைநீர் கறையாக இறங்கியிருந்தது. வெள்ளையடித்து மறைத்துவிடலாம் என்று எண்ணினேன். கொத்தனாரோ, "கூரை ஒழுகச் சுவரை வெளுத்தால், குடிவருகிறவர்களை ஏமாற்றுவதாகும், ஐயா" என்றார். நாணித் தலைகுனிந்தேன்.

உடைந்த ஓடுகளையும் உளுத்த கைமரம் ஒன்றையும் மாற்றினோம். பழஞ்சுவருக்குச் சிமெண்டு ஆகாது, ஈரத்தை உள்ளே அடைத்துவிடும் என்று அவர் சுண்ணாம்புக் காரையே பூசினார். வேறு உடன்பாடு இல்லையேல் இத்தகைய பழுதுகளைச் சீர்செய்வது உரிமையாளர் கடன் என்று தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் கூறுகிறது; அதனை நான் பின்னரே அறிந்தேன்.

ஐப்பசி அடைமழையில் ஓரிரவு எனக்கு உறக்கமில்லை. விடிந்ததும் ஓடினேன். குடியிருந்த அம்மையாரின் குழந்தை அச்சுவரோரம் உறங்கிக்கொண்டிருந்தது. சுவரைத் தொட்டேன், உலர்ந்திருந்தது.