சங்கத்தின் பயன்

சங்கம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன ஆண்டு விழாவும், தலைவர்க்கு இடும் மாலையும், நன்றி நவிலலும், சிற்றுண்டியுமே. இவற்றை நாம் வெறுப்பதில்லை. ஆயினும், ஒரு தொழிலோர் கூடிச் சங்கம் அமைத்தலின் பயன் இவ்வளவில் அடங்குமோ என்று ஐயுற்று, எக்ஸ் கதிர் வைத்தியரின் வரலாற்றைச் சிறிது ஆராயப் புகுந்தோம்.

ஜெர்மானியப் பேராசிரியர் ராண்ட்ஜன் 1895-ஆம் ஆண்டு நவம்பரில் இக்கதிரைக் கண்டறிந்தார். உடலைக் கீறாமலே எலும்பைக் காட்டவல்ல இவ்வற்புதத்தை உலகம் வியந்து வரவேற்றது. கதிர் செவ்வனே எழுகின்றதா என்றறிய, அக்காலத்தார் பலர் தம் கையையே அதன்முன் நீட்டிப் பார்ப்பர். நாளடைவில் தோல் சிவந்தது, புண்ணாயிற்று, சிலர்க்குப் புற்றாயிற்று. விரலிழந்தாரும் உளர்; உயிரிழந்தாரும் உளர். தத்தம் அறையில் தனித்து நொந்தமையால், ஒருவர் பட்ட பாடு மற்றவர்க்கு எளிதிற் பாடமாகவில்லை.

லண்டனில் 1897-ல் தோன்றிய ராண்ட்ஜன் சங்கத்தார், இக்கதிரைக் கையாள்வோர்க்குக் காப்பு வேண்டுமென்று 1915-ல் தீர்மானம் செய்தனர். தீர்மானத்தால் மட்டும் கேடு நீங்கிவிடவில்லை. 1921-ல் ஐயன்சைடு புரூஸ் என்னும் எக்ஸ் கதிர் வைத்தியர், புது இரத்தம் ஊறாமற்போகும் நோயால் மாண்டார். அவ்வாண்டிலேயே வல்லுநர் குழுவொன்று கூடி விதிகளை வகுத்தது. நாளொன்றுக்கு 7 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஞாயிறும், வாரத்தில் 2 அரைநாளும் ஓய்வு. ஆண்டில் 1 மாத விடுமுறை என்பன அவற்றுட் சில. அதுகாறும் தோல் சிவக்கும் அளவு கொண்டே பலர் கதிரை அளந்து வந்தனர். 1928-ல் ஸ்டாக்ஹோம் நகரிற் கூடிய பன்னாட்டு மாநாடு, எல்லா நாட்டார்க்கும் பொதுவான அளவையொன்றை ஏற்றது. கதிர்க்காப்புக்கெனப் பன்னாட்டுக் குழுவொன்றையும் நிறுவிற்று. அக்குழு வேறு பெயருடன் இன்றும் இயங்கி வருகின்றது.

ஹாம்பர்க் நகரத்து மருத்துவமனையொன்றின் தோட்டத்தில், ஜெர்மானிய ராண்ட்ஜன் சங்கத்தார் 1936-ல் ஒரு நினைவுக் கல் நாட்டினர். இக்கதிரால் மாண்ட பல நாட்டாரின் பெயர்கள், 160-க்கும் மேற்பட்டவை, அதிற் பொறிக்கப்பட்டன. இன்று படமெடுப்போர் ஈயம் பதித்த சுவருக்குப் பின் அச்சமின்றி நிற்பது, அப்பெயருடையார் உயிர் ஈந்து பெற்றுத் தந்த நலமாகும்.

ஒருவர் கண்ட கேட்டை யாவர்க்கும் காப்பாக்குவதே சங்கத்தின் தலையாய பணி என்பது இதனால் விளங்கும். தமக்கு நேர்ந்ததை மறையாது எடுத்துரைப்பார் ஒருவரும், அதனைச் செவிமடுத்து விதியாக்குவார் பலரும் இல்வழிச் சங்கம் வெறும் கூட்டமே. நாளை வெவ்வேறு தொழில்களிற் புகவிருக்கும் மாணாக்கராகிய நாம், நம் சங்கங்களில் இவ்விரு கடமைகளையும் மேற்கொள்வோமாக.